மூன்றாவது பொத்தான்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

எங்கள் கம்ப்யூட்டர் செயலிகள் விற்பனைக்குப் போகும் அட்டைப் பெட்டியில், '950' என்ற எண்ணை நிறுவனத்தின் பெயரைவிட இரண்டு மில்லிமீட்டர் உயரமாக அச்சிடுவது என்று செவ்வாய்க்கிழமை கூடிய உயர்மட்டக் குழு ஒருமனதாக முடிவு செய்தது. காலையில் தொடங்கிய கூட்டம் விளக்குப் போடும் நேரம் வரை நடந்தது. நிறுவனரின் மகன் மட்டும், அப்பாவின் பெயர் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பதா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரும் கையெழுத்திட்டார். விளம்பரப் பிரிவின் சார்பில் இந்த முடிவை வரலாற்றில் பதிவு செய்யும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முதல் பதிவை உனக்கே அனுப்புகிறேன். பெட்டி கடைக்கு வந்துவிட்டதால் இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இனிமேல் தபாலில்தான் எழுத வேண்டும். போட்டி நிறுவனத்தில் வேலை செய்பவரோடு தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ பேசினால் வேலை போகும் என்று எங்கள் விதிப்புத்தகத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். உங்கள் புத்தகத்திலும் அதே பத்தி, அதே அச்சுப் பிழையோடு இருப்பதாகக் கேள்வி. கூடப் பிறந்தவர்களுக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன். "கூடப் பிறந்தவங்களை நினைச்சுதான் மேடம் இதையே எழுதினோம்" என்றார் அதிகாரி. இரண்டு புத்தகத்திலும் தபாலை மறந்துவிட்டார்கள். வேகத்தில் போட்டி போடுகிறவர்களுக்குத் தபால் எப்படி நினைவுக்கு வரும்?

அம்மாவுக்கு 950 என்றால் என்ன என்று விளக்கிச் சொன்னேன். "கம்ப்யூட்டருக்குள்ளே செயலின்னு ஒண்ணு இருக்கும்மா, அதுதான் மூளை. அது செகண்டுக்குத் தொண்ணூத்தஞ்சு கோடி தடவை துடிக்கும். தம்பி கம்பெனியோடது தொண்ணூறு கோடிதான்."

"அவ்வளவு துடிச்சுமா, இந்தப் பெட்டி கண்ணைத் திறக்கறதுக்குள்ள நான் குளிச்சிட்டே வந்துடறேன்?" என்றாள்.

உங்கள் சின்னக் கம்பெனி தொள்ளாயிரத்திலேயே மூச்சு வாங்குகிறது என்று எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் பேசிச் சிரிக்கிறார்கள். நான் சேர்ந்து சிரிப்பதில்லை. அதாவது, சத்தமாகச் சிரிப்பதில்லை.

உன் அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

பெட்டியைப் பார்த்தேன். எங்கள் மேலாளர் ஒன்றை வாங்கிவந்து, அளவுகோல் வைத்து அளந்து, "ரெண்டு மில்லிமீட்டர்டா! ரெண்டு!" என்று கத்தினார். உள்ளே இருந்த செயலியை யாரும் வெளியே எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

நீ அம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தில் பாதிதான் உண்மை. மீதியை இதைப் படித்துக் காட்டிச் சொல். தொள்ளாயிரத்துக்கு ஒன்று, எழுநூறுக்கு ஒன்று என்று யாரும் செயலி செய்வதில்லை அம்மா. எல்லாம் ஒரே சிலிக்கான் தட்டில் வெட்டியவை, ஒரே வயிற்றுப் பிள்ளைகள். என் வேலை சோதனை அறையில். ஒவ்வொன்றையும் விரட்டிப் பார்ப்போம். தொள்ளாயிரத்தில் ஓடினால் தொள்ளாயிரம் என்று முத்திரை. அதில் தடுக்கி விழுந்தால் எழுநூறு என்று குத்தி மலிவாகத் தள்ளிவிடுவோம். நம் வீட்டில் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு அப்பா செய்ததும் இதுதான். யாருக்கு எந்த முத்திரை விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூனில் என் தகுதிகாண் காலம் முடிகிறது. சோதனை அறைத் தலைவராக நிரந்தரம் செய்து, கம்பெனிக் குடியிருப்பில் இரண்டு அறை வீடும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வந்து என்னோடு இருக்கலாம். இத்தனை வருடம் உன்னோடு இருந்தாயிற்று. உன் மனதை இப்போதே தயார் செய்துகொள்.

ஓர் உதவி. என் காபி நிற ஸ்வெட்டர் உன் வீட்டுப் பரணில் இருக்கிறது. மூன்றாவது பொத்தான் தொலைந்து, அம்மா பச்சைப் பொத்தான் வைத்துத் தைத்தாளே, அதுதான். உடனே பார்சலில் அனுப்பு. இந்த வெயிலில் இங்கே எந்தக் கடையிலும் கம்பளித் துணி கிடையாது. கேட்டால் கடைக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். எங்கள் அறை ஏசிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பதினோரு டிகிரி. என் கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அனுப்புவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். கம்பெனி ரகசியம் என்று ஒரு வரிகூட இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

ஆயிரம்! நூறு கோடித் துடிப்பு! உலகில் முதன்முதலாக! உன் கம்பெனிக்கும், அதன் மேலாளருக்கும், அவருடைய அளவுகோலுக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.

செய்தி வந்த அன்று எங்கள் மாடியில் யாரும் மதியம் சாப்பிடவில்லை. எங்கள் விளம்பர இயக்குநர் விசிறியைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். மேஜை விசிறி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசுவதால் அந்தப் பெயர். அன்று அவர் சுழன்ற சுழற்சியில் காகிதம் பறந்தது. "ரெண்டு மாசம் முன்னாடி தொள்ளாயிரத்துல நாக்குத் தள்ளிட்டு இருந்தவனுங்கய்யா! திடீர்னு எப்படி ஆயிரம்?" என்றார். எங்கள் பெட்டியில் இருந்த 950, இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் காலாண்டு முடிவதற்குள் பதில் விளம்பரம் ஒன்று வரவில்லை என்றால் எங்கள் பிரிவையே கலைத்துவிடுவார்களாம். எனக்கு வயது நாற்பத்திரண்டு. வேறு தொழில் தெரியாது.

அதை விடு. உன் உடம்பு எனக்குக் கவலையாக இருக்கிறது. பதினோரு டிகிரி என்று எழுதியிருந்தாய். நாள் முழுவதுமா, அல்லது காலையில் மட்டுமா? உனக்கு மட்டும்தான் குளிருகிறதா, மற்றவர்களும் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்களா? எப்போதிலிருந்து இப்படி? அக்கா என்ற முறையில் கேட்கிறேன். சின்ன வயதிலேயே உனக்கு நெஞ்சுச் சளி.

ஸ்வெட்டர் கிடைத்துவிட்டது. பரணில் கிடந்த வாசனை போக வெளுக்கக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் நாளாகும்.

உன் அக்கா

*

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் நெஞ்சுச் சளியை இந்த உலகத்தில் ஒருவர் நினைவு வைத்திருக்கிறார் என்பது எனக்குப் புதிய செய்தி. போன தடவை மார்க் ஷீட்டைப் பற்றி எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. குளிரில் வாய் கோணிக்கொள்கிறது.

கேட்டதற்குப் பதில். நாள் முழுவதும்தான். பிப்ரவரி கடைசியிலிருந்து. அறையில் ஆறு பேர். ஒருவர் மனைவியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை நாங்கள் மாமியார் என்று கூப்பிடுகிறோம். இன்னொருவர் இரண்டு ஜோடிக் காலுறை போட்டு, அதன் மேல் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு நடக்கிறார்.

மேலாளரிடம் நான் ஒரு நாள் கேட்டேன். "சார், செயலி வேகமா துடிச்சா சூடாகும். வாங்கறவங்க வீட்ல பதினோரு டிகிரி இருக்காதே?"

"இருக்காது."

"அங்க ஓடுமா சார்?"

"வாங்கறவன் ஏசி வாங்கிக்கணும்ப்பா. எல்லாத்தையும் நாமளே செஞ்சு குடுக்க முடியுமா?"

இது கம்பெனி விஷயம் இல்லை, மேலாளரைப் பற்றிய வம்பு. வம்புக்கு விதிப்புத்தகத்தில் பத்தி கிடையாது. நான் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜூன் வரை வாயை மூடிக்கொண்டு முத்திரை குத்தினால் வீடு. சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது. அம்மாவிடம் சொல்.

ஸ்வெட்டர் எங்கே?

தம்பி

*

மே 6

அன்புத் தம்பிக்கு,

ஸ்வெட்டரை இந்தப் பார்சலோடு அனுப்பியிருக்கிறேன். தாமதத்துக்கு வெளுக்கிறவர்தான் காரணம். தோள்பட்டையில் சின்னச் சின்ன ஊசித் துளைகள் இருக்கும். அதுவும் அவர் வேலைதான். இப்போதெல்லாம் எதை நம்பி ஒருவரிடம் கொடுப்பது என்றே தெரியவில்லை.

அம்மா நலம். கிழக்கு ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். "வீடு கைக்கு வரட்டும், அப்புறம் ஜன்னலைப் பார்க்கலாம்" என்றாள்.

அடுத்த வாரம் பத்திரிகைகளில் எதையாவது பார்த்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வீட்டு விஷயம் வேறு, அலுவலக விஷயம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது நம் குடும்பத்துக்கு வழக்கமில்லை.

உன் அக்கா

*

மே 19

அக்காவுக்கு,

முழுப் பக்கம். வண்ணத்தில். ஒரு கம்ப்யூட்டர் பெட்டி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறது. மேலே, "சிலருக்கு மட்டும் குளிர்கிறது." கீழே, "எங்கள் 950 எந்த அறையிலும் 950." படம் அருமை. வெளிச்சம் பிரமாதம். ஸ்வெட்டர் காபி நிறம். மூன்றாவது பொத்தான் பச்சை.

வெளுக்கிறவருக்கு என் பாராட்டைச் சொல். பெட்டிக்குத் தோள் இல்லை என்பதால் ஊசி குத்தித்தான் நிறுத்தியிருப்பார்.

பத்திரிகை வந்த காலையில் நான் எங்கே இருந்தேன் என்று உனக்கு எழுத வேண்டும். சோதனை அறையில் இருந்தேன். முதல் நாள்தான் உன் பார்சல் வந்திருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கதகதப்பாக நின்றேன். மாமியார் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பத்திரிகை கை மாறக் கை மாற, அறையில் இருந்த எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். முதல் பொத்தான், இரண்டாவது பொத்தான், பிறகு அம்மா தைத்தது.

கழற்றலாம் என்றால் குளிர்.

அன்று மாலை உங்கள் ஆட்கள் பத்திரிகைக்காரர்களை ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, ஏசியை அணைத்து, எங்கள் ஆயிரத்தையும் உங்கள் 950-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார்களாமே. எங்களுடையது கொஞ்ச நேரம் ஓடி, ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, அப்படியே உறைந்து நின்றதாம். சூட்டில் உறைந்த முதல் பொருள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது உன் வரியா?

விசாரணையில் ஒரே ஒரு கேள்வி. "இது உங்க ஸ்வெட்டரா?" பதினோரு டிகிரியில் சோதனை செய்யச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆமாம் சார் என்றேன். வேறு என்ன சொல்ல?

நான் உன்னிடம் கேட்பதும் ஒரே ஒரு கேள்விதான். என் நெஞ்சுச் சளியை விசாரித்து எழுதிய அன்று, ஸ்வெட்டர் வெளுக்கப் போயிருந்ததா, படம் எடுக்கப் போயிருந்ததா?

தம்பி

*

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தில் இருந்த கோபத்தை நான் பொருட்படுத்தவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் பார்த்தால் யார் மேலும் தப்பு இல்லை என்பது விளங்கும்.

ஆயிரம் வந்த மறுநாள் கூட்டத்தில் விசிறி என்னிடம், "மேடம், உங்க தம்பி அங்கதானே இருக்காரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். உன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காகப் பேச்சை மாற்றினேன். "அவனே பாவம் சார், இந்த வெயில்ல ஸ்வெட்டர் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கான்" என்றேன். அவர் தலை நடுவில் நின்றுவிட்டது. அது நின்று நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு அவர் என்ன யோசித்தார் என்பதற்கு நான் பொறுப்பாக முடியுமா? உன் உடம்பைப் பற்றி எழுதிக் கேட்கச் சொன்னதுகூட அவர்தான். நானும் கேட்பதாகத்தான் இருந்தேன்.

படம் எடுக்கிற அன்று ஊரில் எங்கேயும் கம்பளி கிடைக்கவில்லை. உனக்கே தெரியும். வீட்டில் ஒன்று இருந்தது. பொத்தானை மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். படமெடுப்பவர், "அந்தப் பச்சைதான் மேடம் உயிரே" என்று ஒரே பிடியாக நின்றார். கலைஞர்களோடு வாதாட முடியாது.

இன்னொன்றையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும். தப்பாகக் கணக்குப் போடுகிற ஒரு செயலியை மக்கள் காசு கொடுத்து வாங்காமல் நாம் இருவரும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறோம். உன் பங்கு இதில் சிறியதல்ல.

எனக்குத் துணை இயக்குநர் பதவி கொடுத்திருக்கிறார்கள். மேஜை ஜன்னல் பக்கம் மாறியிருக்கிறது. விசிறியிடம் உனக்காகப் பேசினேன். எங்கள் சோதனை அறையில் ஓர் இடம் இருக்கிறது. முதல் வருடம் ஒப்பந்த ஊழியராக. உன் அனுபவம் எங்களுக்குப் பயன்படும்.

அம்மா விளம்பரத்தைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்திருக்கிறாள். பத்தடி உயரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "பிள்ளை குளிருதுன்னு கேட்டது. அதை எடுத்து ஏண்டி பெட்டிக்குப் போட்டே?" என்றாள். விளம்பரத் துறையின் தேவைகளை நிதானமாக எடுத்துச் சொன்னேன். "பொத்தானைப் பெரிசா காட்டிட்டே. உன்னையும் காட்டிட்டே" என்றாள். அதிலிருந்து பேசுவதில்லை. நேற்று அலுவலகம் விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாளாம். உன்னிடம்தான் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். மூட்டு வலி மாத்திரையை எடுத்துப் போகவில்லை. இத்துடன் அனுப்புகிறேன்.

உன் அக்கா

*

ஜூலை 11

அக்காவுக்கு,

மாத்திரை வந்தது.

வேலை போய்விட்டது. கம்பெனி ரகசியத்தைக் கசியவிட்டதாகக் கடிதம் கொடுத்தார்கள். நீ சொன்னபடி நடந்ததை நடந்த வரிசையில் பார்த்தேன். கசிந்தது உண்மைதான். கடைகளுக்குப் போன 'ஆயிரம்' செயலிகள் எல்லாவற்றையும் திரும்ப வாங்குகிறார்கள். மேலாளரை நீக்கவில்லை. அவரைத் தரக் கட்டுப்பாட்டு ஆலோசகராக உயர்த்தியிருக்கிறார்கள். கிழக்கு ஜன்னல் வீடு மாமியாருக்கு.

உன் ஒப்பந்த வேலை வேண்டாம். என் அனுபவம் உங்களுக்கு ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது.

இப்போது ஒரு மீன் குளிர்கிடங்கில் வேலை. குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். குளிர் அறை கட்டிக் கொடுக்கும் வேலையும் முதலாளி எடுக்கிறார், அளவெடுப்பது நான். சேர்த்துக்கொள்ளும்போது, "பழைய கம்பெனியில என்ன வேலை பார்த்தே?" என்று கேட்டார். "குளிர்ல வெச்சு நல்லதுன்னு முத்திரை குத்தறது சார்" என்றேன். "அப்ப அதே வேலைதான்" என்றார். அதே வேலை இல்லை. இங்கே வெளியே எடுத்தால் நாறும் என்பதை வாங்குகிறவரிடம் சொல்லித்தான் விற்கிறார்கள்.

நானும் அம்மாவும் ஓர் அறையில் இருக்கிறோம். ஜன்னல் சந்தைச் சுவரைப் பார்த்திருக்கிறது. அம்மா உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வந்த மறுநாள் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அறுத்துப் போட்டுவிட்டு, காபி நிறத்தில் ஒன்று வாங்கிவரச் சொல்லித் தைத்தாள். இப்போது அது யாருடைய ஸ்வெட்டர் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

தம்பி

*

செப்டம்பர் 22

அன்புத் தம்பிக்கு,

எங்கள் அடுத்த செயலி '1200' என்றும், இந்த வருடம் முடிவதற்குள் அறிவிக்கப்படும் என்றும், பெட்டியில் அந்த எண் நிறுவனத்தின் பெயரைவிட நான்கு மில்லிமீட்டர் உயரமாக இருக்கும் என்றும் முடிவாகியிருக்கிறது. இந்த முறை கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நிறுவனரின் மகன் வரவில்லை. 1200 எப்படி வரும் என்று எங்கள் பொறியாளர்களில் ஒருவர் கேட்டார். அது சோதனை அறையின் வேலை என்று விசிறி சொல்லிவிட்டார்.

விளம்பர வாசகம் என்னுடையது. "எந்த வெயிலிலும்." இரண்டே சொற்கள். விசிறி நாற்காலியிலிருந்து எழுந்து கை கொடுத்தார்.

வீடு அமைதியாக இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது அது திறந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லிப் பார். அவள் அறையை அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போகட்டும். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தால், எதற்காக என்று எழுது. சொல்வதற்கு ஏற்றபடி வாசகம் அமைக்கிறேன்.

உன் அக்கா

*

அக்டோபர் 17

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். "விளக்கை அணைச்சிட்டுப் படுடா" என்றாள்.

போன வாரம் உங்கள் கம்பெனியிலிருந்து மூன்று பேர் கிடங்குக்கு வந்தார்கள். ஒருவர் பேசும்போது இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசினார். பழைய ஆவணங்களைப் பாதுகாக்க ஓர் அறை வேண்டுமாம். உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்ய மேஜையும், ஒவ்வொரு மேஜைக்கும் மின் இணைப்பும் வேண்டுமாம். ஒன்பது டிகிரி. டிசம்பருக்குள் முடித்துத் தரக்கூடியவர்கள் வேறு யாரும் கிடைக்கவில்லை என்றார்கள். நேற்று நான் உங்கள் கட்டடத்துக்கு வந்து அளவெடுத்தேன். வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது.

தம்பி